ஒட்டன்சத்திரத்துக்கு ஒன்பது எழுத்து

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் மேற்கே போகிற பஸ்களின் நெற்றியைக் கவனித்திருக்கிறீர்களா? இப்போது பல பஸ்களில் மின்னி மின்னி ஓடும் எழுத்துகள் வந்துவிட்டன. அதற்கு முன்னால் பெயின்ட் அடித்த தகரப் பலகைதான். ஒரு பஸ்ஸில் 'பழனி' என்று மூன்று எழுத்து, காலை நீட்டிப் படுத்தமாதிரி சௌகரியமாக இருக்கும். பக்கத்திலேயே அதே அளவுப் பலகையில் 'ஒட்டன்சத்திரம்'. ஒன்பது எழுத்து! தீபாவளிக்கு முதல் நாள் பஸ்ஸில் ஏறிய கூட்டம் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். ஆனாலும், பெட்டியும் பையுமாக ஓடிவருகிற ஆசாமி இருபதடி தள்ளி நின்றே இரண்டையும் படித்துவிடுவார். யாரோ ஒரு பெயின்டர் கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார் என்று அர்த்தம்.

எந்த எழுத்து பெரிசு, எது சிறிசு, எங்கே இடைவெளி, எது முதலில் கண்ணில் படவேண்டும்... இந்த நாலு கேள்விகளுக்குப் பதில் சொல்வதைத்தான் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகள் 'கிராஃபிக் டிசைன்', 'லே-அவுட்' என்கிறார்கள். ஏதோ நேற்று அமெரிக்காவிலிருந்து இறங்கிய சமாசாரம் என்று பலருக்கு நினைப்பு. இல்லை. அச்சுக்கு வந்த நாளிலிருந்து, கிட்டத்தட்ட 450 வருஷமாகத் தமிழ் இந்த நாலு கேள்விகளோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு பதிலுக்கும் யாரோ காசோ கண்ணோ செலவழித்திருக்கிறார்கள்.

முதலில் ஓலைச்சுவடி. பனையோலையின் அகலம் ஒரு சாண்கூடக் கிடையாது, நீளம்தான் உண்டு. அதில் எழுத்தாணியால் கீறவேண்டும். சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டால் ஓலை வீண். ஆகவே விடமாட்டார்கள். புள்ளி வைக்கலாம் என்றால், கூரான எழுத்தாணி ஓலையைப் பொத்துவிடும். எனவே பெரும்பாலும் புள்ளியும் கிடையாது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. கமா, முற்றுப்புள்ளி, பாரா? மூச்! தலைப்புக்குப் பெரிய எழுத்து என்ற பேச்சே இல்லை. செய்யுள் எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்பதையே தேடிப் பிடிக்கவேண்டும்.

இதை நம் முன்னோரின் அறியாமை என்று யாராவது சொன்னால் எனக்குச் சம்மதமில்லை. சுவடி வைத்திருந்தவர் ஏற்கெனவே அந்த நூலைப் பாடம் கேட்டவர். பாட்டு அவர் மனசில் இருந்தது. ஓலை ஒரு ஞாபகக் குறிப்பு மாத்திரம். முன்பின் தெரியாத ஒருத்தர், வாத்தியார் பக்கத்தில் இல்லாமல், தானாக எடுத்துப் படிக்கவேண்டும் என்று வரும்போதுதான் இடைவெளிக்கு அவசியம் வருகிறது. அந்த முன்பின் தெரியாத ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தது அச்சு யந்திரம்.

1578-ல் கேரளத்துக் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற பதினாறு பக்கப் புத்தகம் அச்சானது. இந்திய எழுத்துகளில் அச்சாகி நமக்குக் கிடைத்திருக்கும் முதல் புத்தகம் இதுதான். அச்சிட்டவர் ஹென்றிக் ஹென்றிகஸ் என்கிற போர்த்துகீசிய ஏசு சபைப் பாதிரியார். முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள் செலவுக்குப் பணம் கொடுத்தார்கள். இன்றைக்கு அந்தப் பிரதி ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அதில் என்னை மிகவும் கவர்ந்தது கடைசிப் பக்கம்தான். 1577-ல் கோவாவில் வார்த்த எழுத்து இது, 1578-ல் கொல்லத்தில் வார்த்த எழுத்து இது என்று இரண்டுக்கும் மாதிரி அச்சடித்துக் காட்டியிருக்கிறார்கள். ஜவுளிக் கடையில் இரண்டு துணியைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் போடுவார்களே, அந்த மாதிரி! ஒரே மொழிக்கு இரண்டு முகம் இருக்கலாம், அதில் நல்லதைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற எண்ணம் முதல் புத்தகத்திலேயே வந்துவிட்டது.

அடுத்த பெரிய திருப்பம் தரங்கம்பாடியில். 1706-ல் அங்கே வந்து இறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு, பைபிளைத் தமிழில் அச்சடிக்க ஆசைப்பட்டார். ஜெர்மனியில் ஹாலே நகரத்துக்கு எழுத்து மாதிரிகள் போயின. அங்கே அச்சு வெட்டியவர்களுக்குத் தமிழ் தெரியாது. கோலத்தைப் பார்த்துக் கோலம் போடுவதுபோல வெட்டி அனுப்பினார்கள். 1713-ல் எழுத்துகள் வந்து சேர்ந்தன. பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் பருமனாக, பெரிசாக இருந்தன. அழகில் குறையில்லை. ஆனால் ஒரு பக்கத்துக்குள் எத்தனை வார்த்தை அடங்கும்? காகிதமோ ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வரவேண்டும். கப்பல் தாமதமானால் அச்சு வேலை அம்போ!

1714-ல் புதிய ஏற்பாட்டின் முதல் பகுதியை அந்தப் பெரிய எழுத்தில் அடித்தார்கள். காகிதம் தண்ணீராகச் செலவாயிற்று. உடனே தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்துகளை வார்த்தார்கள். அந்த வேலையைச் செய்தவர் ஆட்லர். மிச்சப் பகுதி 1715-ல் அந்தச் சின்ன எழுத்தில் வெளிவந்தது. ஒரே புத்தகம், முன்பாதி பெரிய எழுத்து, பின்பாதி சின்ன எழுத்து. பக்கத்திலிருக்கும் பொறையாறில் சொந்தமாக ஒரு காகிதப் பட்டறையே தொடங்கினார்கள்.

சீகன்பால்கு மட்டும் இப்படி அவதிப்படவில்லை. அச்சுத் தொழிலின் பிதாமகர் குட்டன்பர்க்கும் இதே பாடுதான் பட்டார். 1455-வாக்கில் அவர் அடித்து முடித்த பைபிளுக்கு '42 வரி பைபிள்' என்றே பெயர். பக்கத்துக்கு இரண்டு பத்தி, பத்திக்கு 42 வரி. ஆனால் அவர் தொடங்கும்போது பத்திக்கு 40 வரிதான். கொஞ்சம் போனதும் 41 ஆயிற்று, அப்புறம் 42. பக்கத்தின் அளவு மாறாமல் எழுத்தையும் இடைவெளியையும் துளித் துளியாக இறுக்கினார். காகிதமும் தோலும் அவ்வளவு விலை! இத்தனைக்கும் நாலு பக்கமும் அவர் விட்ட தாராளமான வெள்ளை ஓரத்தில் மட்டும் கை வைக்கவில்லை. எங்கே இறுக்கலாம், எங்கே இறுக்கக்கூடாது என்று அந்த மனுஷருக்குத் தெரிந்திருக்கிறது.

இந்த இடத்தில், காமர்ஸ் படித்தவன் என்ற உரிமையில் ஒரு கொசுறு. பி.காம். முதல் வருஷத்தில் லூக்கா பசியோலி என்று ஒரு பெயரை எல்லோரும் மனப்பாடம் செய்திருப்போம். 1494-ல் வெனிஸ் நகரத்தில் அவர் அச்சிட்ட கணிதப் புத்தகத்தில்தான் இரட்டைப் பதிவுக் கணக்குமுறை முதல் தடவையாக அச்சில் விளக்கப்பட்டது. பற்று இடது பக்கம், வரவு வலது பக்கம், தொகை ஒன்றின் கீழ் ஒன்றாக. யோசித்துப் பார்த்தால் பேரேடு என்பதே ஒரு லே-அவுட்தான்! ஒரு ரூபாய் நோட்டைக்கூட எண்ணாமல், பக்கத்தைப் பார்த்தமாத்திரத்தில் கடையின் நிலைமை தெரிகிறது என்றால் அது கோடுகளின் உபயம். ஆனால் பசியோலி 1509-ல் இன்னொரு புத்தகமும் வெளியிட்டார் என்பதை எந்த வாத்தியாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அளவு விகிதங்களைப் பற்றிய அந்தப் புத்தகத்துக்குப் படம் வரைந்தவர் லியனார்டோ டாவின்சி. அதில் ரோமன் பெரிய எழுத்துகள் ஒவ்வொன்றையும் சதுரமும் வட்டமும் போட்டு எப்படி வரைவது என்று பசியோலி காட்டியிருக்கிறார். கணக்குப்பிள்ளைகளின் ஆதிகுரு எழுத்து வரைந்து காட்டிய கதை!

சரி, தமிழுக்கு வருவோம். தரங்கம்பாடிக்காரர்கள் காகிதத்தோடு போராடிய அதே காலத்தில் வீரமாமுனிவர் (1680-1747) எகர ஏகார, ஒகர ஓகாரக் குழப்பத்துக்கு ஒரு வழி செய்தார். கொம்பின் மேலே ஒரு சுழி போட்டால் நெடில். 'ே' என்று இன்றைக்கு நாம் எழுதுகிற கொம்பு அதுதான். இத்தனூண்டு சுழி, ஆனால் படிக்கிறவன் ஒவ்வொரு சொல்லிலும் நின்று நின்று யோசிக்கிற வேலை மிச்சமாயிற்று.

1761-ல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பாண்டிச்சேரியைப் பிடித்த ஆங்கிலேயர்கள் அங்கிருந்த அச்சு யந்திரத்தையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அது சென்னை வேப்பேரியில் ஃபெப்ரீஷியஸ் பாதிரியாரிடம் வந்து சேர்ந்தது. ஆனால் நம்மவர்கள் தடையில்லாமல் அச்சகம் நடத்த 1835 வரை காத்திருக்கவேண்டியதாயிற்று. அந்த வருஷம் மெட்காஃப் சட்டத்தைத் தளர்த்தினார். அதன் பிறகு தெருவுக்குத் தெரு அச்சகம்.

1839-ல் சென்னைக்கு வந்த ஹண்ட் என்ற அமெரிக்க அச்சாளர், அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் தமிழ் எழுத்தை இன்னும் சின்னதாக, ஆனால் கண்ணுக்குத் தெளிவாக இருக்கும்படி செய்தார். 1862-ல் அங்கே அச்சான வின்ஸ்லோவின் தமிழ் - ஆங்கில அகராதியில் 67,000-க்கும் அதிகமான சொற்கள் இருக்கின்றன. சீகன்பால்குவுக்கு ஜெர்மனியிலிருந்து வந்த எழுத்தில் இதை அடித்திருந்தால் தூக்கிப்போக மாட்டுவண்டி வேண்டியிருக்கும். எழுத்து சின்னதாவதில் இன்னொரு லாபம் உண்டு. எழுத்தை இறுக்கி மிச்சம் பிடித்த இடத்தை, வார்த்தைகளுக்கு நடுவே வெள்ளையாக விடலாம். வெள்ளை இடம் என்பது பணக்காரச் சமாசாரமாக இருந்த காலம் அப்போதுதான் மெல்ல மாறியது.

அந்த வெள்ளையை நன்றாகப் பயன்படுத்தியவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். 1849-ல் சென்னைக்கு வந்து அச்சு யந்திரம் வாங்கிக்கொண்டு போனவர். தமிழ் உரைநடையில் கமா, முற்றுப்புள்ளி எல்லாம் போட்டு, வாக்கியத்தைப் பிரித்து, மாணவர்கள் தாங்களாகப் படிக்கும்படி பதிப்பித்தார். அவருக்குப் பின் உ.வே.சாமிநாதையர். 1887-ல் சீவக சிந்தாமணியில் தொடங்கி அவர் பதிப்பித்த நூல்களைப் புரட்டிப் பாருங்கள். பாட்டு தனியாக நிற்கும். உரை தனியாக. பாடபேதக் குறிப்புகள் தனியாக. சிலர் ஐயரைச் சுவடி தேடி அலைந்தவர் என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஒரு பக்கத்தில் யார் பேச்சு முதலில் கேட்கவேண்டும், யார் பேச்சு மெதுவாகக் கேட்டால் போதும் என்று வரிசைப்படுத்திய லே-அவுட் ஆசாமி அவர் என்பேன்.

இனி அச்சுக்கோப்பவரின் நாற்காலிக்குப் போவோம். நாற்காலி என்றா சொன்னேன்? பாவம், பெரும்பாலும் நின்றுகொண்டே வேலை. எதிரே அறை அறையாகப் பிரித்த மரத்தட்டு. ஆங்கிலத்துக்கு 26 எழுத்து, பெரிசும் சிறிசும் சேர்த்து 52. தமிழுக்கு 247! எல்லாவற்றுக்கும் தனி அச்சு தேவையில்லைதான். ஆனாலும் கு, கூ, ரு, ரூ என்று உருவம் மாறுகிற எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி அறை வேண்டும். அன்றைக்கு 'லை', 'னை' போன்ற எழுத்துகளுக்கு முன்னால் யானைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவு உண்டு. 'றா', 'னா' எல்லாம் காலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இவற்றுக்கும் தனி அறை.

'குடி அரசு' நடத்திய பெரியாருக்கு அச்சகத்தின் கஷ்டம் தெரியும். 1935 ஜனவரியில் தன் பத்திரிகையில் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தார். 'கா' என்று கால் போட்டு எழுதுகிறோம், அதே காலை 'ன'வுக்கும் போட்டு 'னா' என்று எழுதினால் என்ன? 'கை' என்று எழுதுகிற சங்கிலிக் கொம்பையே 'ல'வுக்கும் போட்டு 'லை' என்று எழுதினால் என்ன? இப்படிப் பதின்மூன்று எழுத்துகள். தனி அச்சும் தனி அறையும் தேவையில்லாமல் போயின. குழந்தைகளுக்குப் பதின்மூன்று விதிவிலக்குகளும் தொலைந்தன. 'ஒரேமாதிரி வேலையை ஒரேமாதிரி உருவம் செய்யட்டும்' என்று இன்றைக்கு டிசைன் வகுப்பில் முதல் வாரத்தில் சொல்லித்தருகிற பாடம் இது. பெரியார் பக்கத்தை அழகுபடுத்தக் கிளம்பவில்லை. சிக்கனம் பார்த்தார், அவ்வளவுதான்.

அரசாங்கம் அசைந்துகொடுக்க 43 வருஷம் ஆயிற்று. 1978-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் இந்தப் பதின்மூன்று எழுத்துகளும் அதிகாரபூர்வமாயின. 'ஐ'யை 'அய்' என்றும் 'ஔ'வை 'அவ்' என்றும் எழுதலாம் என்ற பெரியாரின் இன்னொரு யோசனையை அரசு எடுத்துக்கொள்ளவில்லை. ஐம்பதைத் தாண்டியவர்கள் வீட்டுப் பரணில் தேடினால், துதிக்கை போட்ட 'லை' உள்ள பழைய வாரப்பத்திரிகை ஒன்றாவது கிடைக்கும்.

சிக்கனத்துக்கு நேர் எதிரான பாதையில் போனவர் சி.பா.ஆதித்தனார். லண்டனில் பாரிஸ்டருக்குப் படித்தவர், 1942 நவம்பரில் மதுரையில் 'தந்தி'யைத் தொடங்கினார். அதுவரை பத்திரிகை என்றால் படித்தவர்கள் ஈஸிசேரில் சாய்ந்துகொண்டு படிப்பது. ஆதித்தனார் டீக்கடை பெஞ்சை மனசில் வைத்துக்கொண்டார். அங்கே ஒரு பேப்பரை எட்டுப் பேர் படிக்கவேண்டும். கையில் வைத்திருப்பவரின் தோளுக்குப் பின்னால் நிற்பவருக்கும் தெரிய வேண்டும். எனவே மெகா சைஸ் தலைப்பு. அதற்குக் கீழே நடுத்தர எழுத்தில் ஓர் உபதலைப்பு. அப்புறம்தான் செய்தி. எழுத்துக்கூட்டிப் படிப்பவர் தலைப்போடு நின்றாலும் விஷயம் தெரிந்துவிடும். 1960-ல் 'கன்னித்தீவு' படக்கதை வந்தபோது கண் தினமும் அதையும் தேடப் பழகிக்கொண்டது. பக்கத்தைப் பார்த்தவுடன் கண் எங்கே போகவேண்டும் என்று கட்டளையிடுகிற வித்தையை இவ்வளவு பேருக்குத் தமிழில் பழக்கியது அந்தப் பத்திரிகைதான். 'சத்தம் போடுகிற பத்திரிகை' என்று அதைக் கேலி செய்தவர்கள் உண்டு. சத்தம் போட்டதால்தான் பல பேர் எழுத்தறிவு பெற்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

படிக்கவே தெரியாதவருக்கு? அதற்குச் சிவகாசி பதில் வைத்திருந்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்பதால் அச்சுத் தொழிலும் அந்த ஊரில் வளர்ந்தது. கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு சீட்டு. அதில் ஒரு மிருகமோ பறவையோ நடுவில், பெயர் ஓரமாக. வாங்குகிறவர் படத்தைச் சொல்லித்தான் கேட்பார். ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் கேரளாவுக்கு லாரி ஏறுகிற மூட்டைகளில் போடும் மார்க்காவுக்கும் இதே நியாயம்தான். இருட்டில், அவசரத்தில், தலையில் சுமையோடு இருப்பவர் ஒரு பார்வையில் கண்டுபிடிக்கவேண்டும். அங்கே அழகுக்கு யாரும் நேரம் ஒதுக்குவதில்லை.

மறுபடியும் அந்த ஒன்பது எழுத்துக்கு வருகிறேன். ஊருக்கு ஊர் 'ஆர்ட்ஸ்' என்ற பெயரோடு கடை வைத்திருந்த பெயின்டர்கள் அதை எப்படிச் சமாளித்தார்கள்? முதலில் சாக்பீஸ் தூள் தடவிய நூலை இழுத்துக் கட்டிச் 'சட்'டென்று ஒரு சுண்டு. மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. எழுத்துகளை எண்ணி, நடு எழுத்தைப் பலகையின் நடுவில் வைத்துக்கொள்வார்கள். ஒட்டன்சத்திரத்துக்கு நடு எழுத்து 'ச'. அங்கிருந்து இரண்டு பக்கமும் போவார்கள். 'ர' ஒல்லி, 'த்தி' குண்டு என்று பார்த்துக் கணக்கைத் திருத்திக்கொள்வார்கள். எழுத்தை ஒடுக்கும்போது கோட்டின் தடிமனைக் குறைக்கமாட்டார்கள். பிரஷ்ஷின் அகலம் மாறாது, உள்ளே இருக்கும் வெற்றிடம்தான் சுருங்கும். அதனால்தான் நெருக்கியடித்தாலும் தூரத்திலிருந்து படிக்க முடிந்தது.

கம்ப்யூட்டரில் அதே பெயரைப் பெட்டிக்குள் அடக்க, ஓரத்தைப் பிடித்து எலியால் ஒரு தள்ளு தள்ளினால் போதும். எழுத்து ஒடுங்கிவிடும். கூடவே நெட்டுக்கோடுகளும் நூலாக இளைத்துவிடும், படுக்கைக் கோடுகள் மட்டும் பழைய தடிமனில் நிற்கும். பார்க்க நோயாளி மாதிரி இருக்கும். 2000-க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் பேனர் வந்து, சின்ன ஊர்களில் பெயின்டர்களின் பிழைப்பு போனது. வேலை போனதைப் பற்றியாவது நாலு பேர் பேசினோம். கோடு இளைக்கக்கூடாது என்று அவர்கள் கைக்குத் தெரிந்திருந்த விஷயமும் கூடவே போனதை யாரும் கவனிக்கவில்லை.

அச்சகத்திலும் இதேதான் நடந்தது. 1985-ல் அமெரிக்காவில் 'பேஜ்மேக்கர்' என்ற மென்பொருள் வந்தது. அதைத் தயாரித்த கம்பெனியின் பெயர் ஆல்டஸ். பசியோலி காலத்தில் அதே வெனிஸ் நகரத்தில் கையடக்கப் புத்தகங்கள் அச்சிட்ட ஆல்டஸ் மனூசியஸின் நினைவாக வைத்த பெயர். தொண்ணூறுகளில் தமிழ்நாட்டில் முளைத்த டி.டி.பி. சென்டர்கள் பலவற்றில் இந்த மென்பொருள்தான். அது வரிக்கு வரி தானாக விடுகிற இடைவெளி ஆங்கிலத்தை மனசில் வைத்துப் போட்ட கணக்கு: எழுத்து 10 புள்ளி என்றால் வரிக்கு 12. தமிழில் 'கீ'க்கு மேலே விசிறி, 'கூ'வுக்குக் கீழே வால். மேல் வரியின் வாலும் கீழ் வரியின் விசிறியும் முட்டிக்கொண்டன. ஈய எழுத்துக் காலத்தில் வரிகளுக்கு நடுவே மெல்லிய ஈயத்தகடு செருகுவார்கள். எத்தனை தகடு என்பது அச்சுக்கோப்பவரின் கண்ணுக்குத் தெரியும். வரி ஒடியும்போது மெய்யெழுத்தை அடுத்த வரியின் தலையில் உட்காரவிடக்கூடாது என்பதும் அவருக்குத் தெரியும். புது மென்பொருளுக்கு இரண்டும் தெரியாது.

ஈய எழுத்துகள் எடைக்குப் போய் உருகின. கம்பாஸிட்டர்களில் சிலர் கம்ப்யூட்டருக்கு மாறினார்கள். அவர்கள் அடித்த கல்யாணப் பத்திரிகையை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். வரிகள் முட்டிக்கொள்ளாது, மணமக்கள் பெயரைச் சுற்றி நாலு பக்கமும் வெள்ளையாக இடம் கிடக்கும். ஆர்டர் கொடுத்தவர் புரூஃபை வாங்கி, தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்பார்:

"அண்ணே, இங்கே இடம் சும்மாதானே கிடக்கு? நம்ம மாமா பேரையும் போட்டுருங்களேன்!"